உண்ணாமுலையும் உள்மனமும்: லா. ச. ரா.வின் ‘அபிதா’வை முன்வைத்து

தமிழில் உளவியல் திறனாய்வு என்ற பெயரால் நடந்து வருவனவற்றுள் பெரும்பகுதி, மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் பார்வையிலேயே இலக்கியத்தைப் பார்த்து வந்திருக்கிறது. கதையில் ஒருவன் தன் தாயை மிகுதியாக நேசித்தால் அவனுக்கு ஒரு சிக்கலின் பெயர் சூட்டப்படும். ஒருத்தி கனவில் பாம்பைக் கண்டால் அதற்கு ஒரு பொருள் ஆயத்தமாக இருக்கும். பெயர் சூட்டியானதும் திறனாய்வாளர் கைகழுவிக்கொண்டு எழுந்து போய்விடுவார். கதை அங்கேயே கிடக்கும். இம்முறையால் நமக்குக் கிடைத்தவை சில கலைச்சொற்கள். இழந்ததோ, ஒரு நூலைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் என்ன நேர்கிறது என்று நம்மையே கேட்டுப் பார்க்கும் பழக்கம்.

ஆழ்மன உளவியலின் தலையாய கருத்துக்கள் நோயோடு நின்றுவிடுவன அல்ல. மனிதன் தன் உள்வாழ்வில் வளர்வதற்கு எது தடை, எது துணை என்பது அவற்றின் உயிர்க்கேள்வி. அக்கேள்வியைத் தமிழ்ப் புனைகதையிடம் கேட்பதானால், முதலில் எடுத்து வைக்கத்தக்க நூல் லா. ச. ராமாமிர்தம் எழுதி 1970இல் வெளிவந்த ‘அபிதா’ என்பது என் துணிபு. சிறிய நாவல்; ஒரே அமர்வில் படித்துவிடலாம். படித்தபின் எளிதில் வெளியே வர முடியாது.

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு லா. ச. ரா.விடம் ஓர் உரிமை உண்டு. பெயரின் முதலெழுத்து லால்குடியைச் சுட்டினாலும் அவர் பிறந்தது இந்நகரில்தான். 1916ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள். தொண்ணூற்றொரு ஆண்டுகள் கழித்து, 2007இல் அதே அக்டோபர் 30ஆம் நாள் சென்னையில் மறைந்தார். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; பேரேடும் கூட்டல் கழித்தலுமாகப் பகலைக் கழித்து, இரவில் சொற்களோடு மல்லுக்கட்டியவர். 1989இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது ‘சிந்தாநதி’ என்னும் நினைவுக் கட்டுரைகளுக்காக. கதைக்காகவே வாழ்ந்த ஒருவருக்குக் கட்டுரை நூலை வைத்துப் பரிசளித்தது நம் பரிசு மரபுக்கு ஒத்ததே.

நாவலுக்குள் போகுமுன் ஆழ்மன உளவியலார் சொல்வது என்ன என்பதைச் சற்றே பார்த்துவிடுவது நல்லது. வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு கனவுகளுக்குப் பொருள்காணும் தம் நூலை 1900ஆம் ஆண்டுத் தேதியிட்டு வெளியிட்டார். நாம் அறிந்த மனத்தின் அடியில் நாம் அறியாத மனம் ஒன்று உண்டு; அங்கே நாம் தள்ளி மூடிவைத்த ஆசைகள் உறங்காமல் கிடக்கின்றன; கனவிலும் நாத்தவறுதலிலும் அவை தலைநீட்டுகின்றன என்றார். அவரோடு சில ஆண்டுகள் சேர்ந்து நடந்து, 1913 அளவில் பிரிந்துபோன சுவிட்சர்லாந்து நாட்டுக் கார்ல் யுங், அடிமனத்தை வெறும் குப்பைக் கிடங்காகக் காண மறுத்தார். அங்கே வித்துக்களும் உண்டு என்பது அவர் கட்சி. ஒவ்வோர் ஆணின் உள்ளேயும் ஒரு பெண்ணுரு உறைகிறது. அதற்கு அவர் ‘அனிமா’ என்று பெயரிட்டார். அவன் அதைத் தன்னுள் அறியாதவரையில், வெளியே உள்ள யாரோ ஒருத்தியின்மேல் அதனை ஏற்றிவிடுகிறான். இதனைப் புறத்தேற்றம் என்று சொல்லலாம். ஏற்றப்பட்ட பெண் திடீரென்று ஒளி பெறுகிறாள், தேவியாகிறாள். அவள் செய்வதெல்லாம் தன்னைப் பற்றியது என்று அவனுக்குத் தோன்றுகிறது. வாழ்வின் முற்பாதியில் இஃது இயல்பு. பிற்பாதியிலோ ஏற்றியதை இறக்கித் தன்னுள் மீட்டுக்கொள்ளவேண்டும். அதுவே மனிதன் முழுமையடையும் வழி. ‘தானாதல்’ என்று தமிழில் இதைச் சொல்லலாம். இறக்கிக்கொள்ளாதவன் ஐம்பதிலும் இருபதையே வாழ்ந்துகொண்டிருப்பான்.

இக்கருத்து நமக்கு முற்றிலும் புதிதன்று. கயிற்றைப் பாம்பென்று மயங்கும் கதையை அறியாத தமிழர் இல்லை. புதுமைப்பித்தன் தம் கதை ஒன்றுக்குக் ‘கயிற்றரவு’ என்றே பெயரிட்டார். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். நம் வேதாந்தியர் விளக்கைக் கொண்டுவா என்பர். விளக்கு வந்ததும் பாம்பு இல்லை, கயிறுதான் உண்டு. பாம்பைப் பற்றிய பேச்சு அங்கே தீர்ந்தது. யுங்கோ, கயிற்றில் பாம்பு இல்லை என்பது சரி. ஆனால் பாம்பு எங்கிருந்து வந்தது, அது உன்னுடையது அல்லவா, அதை வீட்டுக்கு எடுத்துப்போய் என்ன என்று விசாரி என்கிறார். இரண்டும் ஒன்றே என்று சமரசம் பேசுவோர் உளர். எனக்கு உடன்பாடில்லை. இலக்கியத்துக்கு வேலை கொடுப்பது இரண்டாவது வழி. பாம்பு பொய்யென்று கண்டபின் கதை எழுத என்ன இருக்கிறது?

இவ்விரு வழிகளும் நேரிலேயே சந்தித்திருக்கக்கூடிய ஒரு தருணம் வரலாற்றில் வந்து நழுவியது. 1937ஆம் ஆண்டின் இறுதியில் யுங் இந்தியா வந்தார். கல்கத்தாவில் 1938 தொடக்கத்தில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கு அவர் அழைக்கப்பட்டிருந்தார். அந்நகரில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஒன்றை நிறுவி, பிராய்டோடு கடித வழியே வாதாடி வந்தார் என்பது பலர் அறியாத செய்தி. யுங் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் மருத்துவமனையில் கிடந்தார். பின்னர் அவர் கண்ட ஒரு கனவு அவருடைய தன்வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. கனவில் அவர் இந்தியாவைக் காணவில்லை; இங்கிலாந்துக் கரையருகே ஒரு தீவையும், ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் புனிதக் கிண்ணத்தைத் தேடிச் செல்லும் கடமையையும் கண்டார். உன் வேலை உன் நாட்டில் இருக்கிறது என்று அடிமனம் சொன்னதாக அவர் அதற்குப் பொருள் கொண்டார்.

தென்னாட்டிலும் அவர் பயணம் செய்தார். மைசூர் மகாராஜாவுக்கு ஆசானாக விளங்கிய சுப்பிரமணிய ஐயரோடு ஆழ்ந்து உரையாடியதை அவரே குறித்திருக்கிறார். திருவனந்தபுரத்துக்கும் இலங்கைக்கும் சென்றார். ஆனால் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. அங்கே ரமண மகரிஷி இருந்தார். யுங்கின் நண்பரும் இந்தியவியல் அறிஞருமான ஹைன்ரிக் சிம்மர் ரமணரிடம் பெருமதிப்புக் கொண்டவர். சிம்மர் 1943இல் மறைந்தபின் ரமணரைப் பற்றிய அவருடைய நூல் 1944இல் சூரிக்கில் வெளியானது. அதற்கு யுங் எழுதிய முன்னுரையில், தாம் போகாததற்கு அவர் கூறும் சமாதானங்கள் படிக்கச் சுவையானவை. அத்தகைய ஞானியை இந்தியாவில் எங்கும் காணலாம் என்பது ஒன்று. ரமணரின் அடியார் ஒருவரைத் தாம் சந்தித்ததும், எளிய பள்ளியாசிரியராகப் பெருங்குடும்பத்தைத் தாங்கி வாழ்ந்த அவரிடம் ஞானத்தோடு வாழ்வும் கலந்திருந்தது தம்மை மிகக் கவர்ந்தது என்பதும் மற்றொன்று. ‘நான்’ முற்றாகக் கரைந்துபோனால் கரைந்ததை அறிவது யார் என்ற ஐயம் யுங்கை விட்டு என்றும் நீங்கியதில்லை. மலையடிவாரம் வரை வந்து ஏறாமல் திரும்பியவர் என்று அவரை நாம் ஏளனம் செய்யவேண்டியதில்லை. தம் ஐயத்தை விலைக்கு விற்காத நேர்மை அதில் இருக்கிறது.

இவ்வளவும் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். யுங் காணாமல் சென்ற அந்தத் திருவண்ணாமலையில் அண்ணாமலையாருடன் உறையும் அம்மையின் பெயர் உண்ணாமுலை. வடமொழியில் அபீதகுசாம்பாள். அப்பெயரின் தலைப்பகுதியை மட்டும் முறித்தெடுத்துத்தான் லா. ச. ரா. தம் நாவலுக்கும் நாயகிக்கும் சூட்டினார்.

இப்பெயரை யாரும் போதிய அளவு நின்று நோக்கியதாகத் தெரியவில்லை. பீதம் என்றால் பருகப்பட்டது, அபீதம், பருகப்படாதது. குசம் என்பது மார்பு. பருகப்படாத மார்பை உடைய தாய் என்பது முழுப்பெயரின் பொருள். அதைப் பாதியில் முறித்தால் எஞ்சுவது ‘பருகப்படாதவள்’ என்ற பொருள் மட்டும். மார்பும் போயிற்று, அம்மையும் போயிற்று. எதைப் பருகவில்லை என்பதைப் பெயர் சொல்லாமல் நிற்கிறது. மேலும் நம் எழுத்தில் வடமொழியின் வல்லொலி வேறுபாடுகள் இல்லாமையால் ‘அச்சமற்றவள்’ என்று பொருள்படும் வேறொரு சொல்லும் இதே உருவில்தான் எழுதப்படும். எழுத்தாளர் இதனைக் கருதினாரோ இல்லையோ, காதில் அந்த இரண்டாம் ஒலியும் விழத்தான் செய்கிறது.

கதை எளியது. அம்பி கரடிமலையில் வளர்ந்தவன். அங்கே சகுந்தலை என்னும் பெண்ணின்மேல் அவனுக்கு இளமையில் ஈடுபாடு. ஊரைவிட்டு வெளியேறுகிறான், வேறிடத்தில் செல்வம் சேர்கிறது, சாவித்திரியை மணக்கிறான். நெடுங்காலம் கழித்து, நடுவயதையும் தாண்டிய பருவத்தில், மனைவியோடு கரடிமலைக்குத் திரும்புகிறான். சகுந்தலை இறந்துபோயிருக்கிறாள். அவளுடைய மகள் இருக்கிறாள். அச்சு அசலாகச் சகுந்தலையின் வார்ப்பு. அவள்தான் அபிதா. அம்பிக்குள் காலம் சரிந்து விழுகிறது. இறந்தவள் இறக்கவில்லை, இதோ நிற்கிறாள். அன்று விட்டதை இன்று பிடித்துவிடலாம். இந்த மயக்கமே நாவல் முழுதும். கதையைச் சொல்பவனும் அம்பியே ஆதலால் நமக்கு அவன் கண்ணைத் தவிர வேறு கண் தரப்படுவதில்லை.

யுங்கின் கருத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இதைவிடக் கொழுத்த இரை கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் அனிமா என்று எழுதி முடித்துவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. யுங் சொன்ன முறையில் புறத்தேற்றம் மீட்கப்படவேண்டும், அம்பி மீட்கிறானா? மீட்கவில்லை. சகுந்தலையின்மேல் ஏற்றியதை, அவள் இறந்தாள் என்று கேட்ட பின்னராவது அவன் இறக்கி வைத்திருக்கவேண்டும். துக்கம் அதற்குத்தான் இருக்கிறது. இழந்ததை இழந்ததாக ஒப்புக்கொள்ளும்போதுதான் அது உள்ளே வந்து தங்குகிறது. அம்பிக்கோ துக்கப்பட அவகாசமே இல்லை. இறப்புச் செய்தி வந்த சூட்டோடு மாற்றுருவம் ஒன்று கண்ணில் படுகிறது. அழவேண்டிய இடத்தில் அவன் ஆசைப்படுகிறான். நாவலின் துயரத்துக்கு இந்த நழுவலே வித்து.

இன்னும் சற்று ஆழப்போனால், அம்பி தேடுவது காதலியைத்தானா என்ற ஐயம் எழுகிறது. பெயர் அதற்கு விடைசொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். லா. ச. ரா.வின் எழுத்துலகில் பால் என்பது ஓயாமல் திரும்பி வரும் ஒரு பொருள். தம் குடும்பத்து முன்னோர்களைப் பற்றி அவர் எழுதிய நூலுக்குப் ‘பாற்கடல்’ என்று பெயர். அதே பெயரில் அவருடைய புகழ்பெற்ற சிறுகதையும் உண்டு. ‘ஜனனி’யில் பராசக்தியே குழந்தையாகப் பிறந்து மனிதர் கையில் வளர்கிறாள், தாய்க்குத் தாய் தேவைப்படுகிறாள். இவற்றோடு வைத்துப் பார்க்கையில், அம்பியின் ஆசை இளைஞனின் ஆசையைவிடப் பழமையானது. பருகாத பாலுக்கான தாகம் அது. ஆகவேதான் அதற்குச் சகுந்தலையும் போதவில்லை, அபிதாவும் போதமாட்டாள். எந்த மானிடப் பெண்ணும் ஒருவனுக்கு உண்ணாமுலையம்மன் ஆகமுடியாது. கேட்கக் கூடாத ஒன்றை ஓர் இளம்பெண்ணிடம் கேட்டு நிற்கிறான் அந்த மனிதன். அவளுக்கு அது தெரியாது. அவனுக்கும் தெரியாது.

நடையைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். சொல்லுக்கும் பொருளுக்கும் இடைவெளி இருக்கலாகாது என்பது லா. ச. ரா. கொண்ட கொள்கை. வாக்கியங்கள் உடைகின்றன, ஒரு சொல் தனியே நின்று அதிர்கிறது, உவமை உவமையாக நில்லாமல் பொருளாகவே மாறிவிடுகிறது. அலங்காரம் மிகுந்தது, மயக்கம் தருவது என்று இந்நடையைக் குறைகூறியோர் பலர். பிற கதைகளைப் பொறுத்தவரை அக்குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் உண்டு. சில இடங்களில் ஒலியின் சுகத்துக்காகவே அவர் சொற்களைச் சுற்ற விடுகிறார். ‘அபிதா’வில் அப்படியில்லை. இங்கே மயக்கம் அம்பியின் மயக்கம். தெளிந்த நடையில் எழுதியிருந்தால் நாம் வெளியே நின்று அவனுக்குத் தீர்ப்புச் சொல்லியிருப்போம். இந்நடையால் அவனோடு சேர்ந்து நாமும் மயங்கி, கடைசியில் அந்த மயக்கத்தின் விலையைக் கண்டு திடுக்கிடுகிறோம். முடிவைப் படியாதவர்களுக்கு நான் அதனைச் சொல்லிவிடப் போவதில்லை. விலையைக் கொடுப்பவன் அம்பி அல்லன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நம் பழைய அகமரபு இதற்கு என்ன சொல்லும்? அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அது நாணத்தால் வைத்த விதி என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். பெயர் இல்லாமையால் அவர்கள் எவரும் ஆகலாம். கேட்பவர் உள்ளத்தில் புகலாம். மலையும் காடும் கடலும் அங்கே மனநிலைகளாகின்றன. மைசூரில் பிறந்த தமிழர், கன்னடத்திலும் கவிஞராகப் பெயர்பெற்ற ஏ. கே. ராமானுஜன், குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கி 1967இல் வெளியிட்டபோது அந்நூலுக்கு ‘உள்ளார்ந்த நிலக்காட்சி’ என்று பொருள்படும் தலைப்பைத் தந்தார். ஐரோப்பியர் இருபதாம் நூற்றாண்டில் தேடிக் கண்ட உள்நிலத்துக்கு நம்மிடம் முன்பே வரைபடம் இருந்தது என்று இதைக் கொண்டு மார்தட்டுவது விழா மேடைக்கு ஏற்கும், திறனாய்வுக்கு ஏலாது. வேறுபாடு பெரிது. அகத்திணையில் தலைவி பேசுகிறாள். தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், நற்றாயும் பேசுகிறாள். தலைவனின் கூற்று ஒரு பகுதிதான். ‘அபிதா’வில் பெண்ணின் பெயரே நூலின் பெயர், ஆனால் கூற்று முழுவதும் ஆணுடையது.

அதே ராமானுஜன், கிரேக்கத்து ஈடிபசின் கதைக்கு இணையான இந்தியக் கதைகளைத் தேடியபோது, இங்கே அம்பு எதிர்த்திசையில் பாய்வதைக் கண்டார். அங்கே மகன் தந்தையைக் கொல்கிறான். இங்கே மூத்தோரின் கை இளையோரின்மேல் விழுகிறது. லா. ச. ரா.வின் ‘புத்ர’ நாவல் இக்கருத்துக்கு நேரான சான்று. பெற்றவளின் வாயிலிருந்து எழும் ஒரு சாபம், மகனின் ஆண்வாரிசைக் குறிவைத்துக் குடும்பத்தின்மேல் இறங்குகிறது. கதை முழுதும் அந்தச் சொல் உயிருள்ள பொருள்போல் அலைகிறது. பிராய்டின் சட்டகத்தில் இதனை அடைக்க முயல்வோர் கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் வெட்டவேண்டியிருக்கும். ‘அபிதா’விலும் அப்படியே. முதியவனின் நிறைவேறாத ஆசை இளையவளின் வாழ்வின்மேல் நிழலாக விழுகிறது.

மேற்சொன்னதை ஒரு குறையாகக் கொள்ளலாமா? அபிதாவுக்கு மனம் என்று ஒன்று உண்டா, அவளுக்கு என்ன வேண்டும் என்று நாவல் நமக்குக் காட்டவில்லை. மௌனியின் கதைகளிலும் இதே நிலை. ‘அழியாச்சுடர்’ முதலியவற்றில் கோயில் இருளில் ஒரு கணம் தோன்றும் பெண், ஆணின் உள்ளத்தில் ஆண்டுக்கணக்கில் எரிகிறாள். அவள் வீட்டில் என்ன ஆனாள் என்பதை யாரும் கேட்பதில்லை. மௌனியிடம் இதற்குப் பரிகாரம் இல்லை. அவர் அந்தச் சுடரையே வழிபடுகிறார். புதுமைப்பித்தனோ 1943இல் எழுதிய ‘சாப விமோசன’த்தில் வழக்கையே திருப்பிப் போட்டுவிட்டார். கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் இராமன் என்று கேட்டதும் மீண்டும் கல்லாகிறாள். ஆண் தனக்குச் சூட்டிய ஒளியைப் பெண் கழற்றி எறியும் கணம் அது. தமிழ்ச் சிறுகதையில் அதற்கு நிகரான மறுப்பு அரிது.

லா. ச. ரா. இவ்விருவருக்கும் நடுவே நிற்கிறார். அபிதாவுக்கு வாய் கொடுக்கவில்லை. ஆனால் அம்பியை வழிபடவும் இல்லை. வழிபாட்டின் முடிவு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் காட்டிவிடுகிறார். ஆகையால் இது அனிமாவைப் போற்றும் நாவல் என்பதைவிட, அனிமாவை இறக்கி வைக்கத் தெரியாத மனிதனைப் பற்றிய நாவல் என்பதே பொருந்தும். எழுத்தாளர் தேவி உபாசகர் என்று பெயரெடுத்தவர். தம் உபாசனையின் இருண்ட பக்கத்தைத் தாமே எழுதிக் காட்டியிருக்கிறார். அவருடைய பக்தர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இதெல்லாம் நூலுக்குள் நடப்பது. நூலுக்கு வெளியே, நான் குடியிருக்கும் ஹெப்பகோடியில், கரடிமலைகள் எத்தனையோ உண்டு. ஓசூர்ச் சாலையின் ஓரமாக, எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரத் தொழிற்பேட்டைக்கும் இடையில் கிடக்கும் இவ்வூரில், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்து ஆலைகளில் வேலைசெய்யும் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் ஓடத் தொடங்கிய பின் நகரம் இன்னும் நெருங்கிவிட்டது. ஊர் அதே தொலைவில்தான் இருக்கிறது. பொங்கலுக்கும் பௌர்ணமிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியே போய்வருகிறார்கள். போய்வந்தவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றே: ஊர் முன்போல இல்லை. ஏரி இல்லை, அந்தத் திண்ணை இல்லை, மரியாதை இல்லை. விட்டு வந்த நாளில் உறைந்துபோன ஓர் ஊரை அவர்கள் உள்ளே சுமக்கிறார்கள். வெளியே இருக்கும் ஊரோ இத்தனை ஆண்டும் தன் பாட்டில் வாழ்ந்து, மூத்து, சில இடங்களில் மரித்தும் போயிருக்கிறது. அதைச் சகுந்தலையாகவே காண விரும்புகிறோம். காணாதபோது அதன்மேல் கோபம் கொள்கிறோம். இடம்பெயர்ந்தவனின் உள்வாழ்வில் ஊரே அனிமா ஆகிவிடுகிறது என்று சொன்னால் யுங் மறுப்பாரோ, நானறியேன். இங்குள்ள நம் அன்பர்கள் மறுக்கமாட்டார்கள்.

தமிழ்ச் சங்கத்தின் மலரில் இன்னொன்றையும் சொல்லத் துணிகிறேன். நாம் கொண்டுவந்த தமிழ் ஒன்று. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பேசும் தமிழ் மற்றொன்று. கன்னடச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்து, ழகரம் தடுமாறி, ஆனால் சண்டைக்கும் கொஞ்சலுக்கும் தன்னளவில் போதுமானதாக அது இருக்கிறது. அதைக் கேட்கும்தோறும் நாம் செத்துப்போன சகுந்தலையை நினைத்து முகம் சுளிக்கிறோம். அக்குழந்தையின் நாவில் இருப்பது மகள். அவளுக்குத் தாயின் சாயல் உண்டு. தாயாக இருக்கும் கடன் இல்லை. அவள்மேல் நாம் எதை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று பார்க்காமல் அவளைத் திருத்த முற்படும்போது, அம்பி நடந்த மலைப்பாதையில்தான் நாமும் நடக்கிறோம். பிழை திருத்தலே கூடாது என்பது என் கருத்தன்று. நானும் வீட்டில் திருத்துகிறவன்தான். யாருக்காகத் திருத்துகிறோம் என்பதே கேள்வி.

உள்வளர்ச்சி என்ற பெயரில் இன்று நகரங்களில் பல பயிற்சிகள் நடைபெறுகின்றன. இரண்டு நாட்களில் உங்கள் நிழலைச் சந்திக்கலாம் என்று விளம்பரம் செய்வோரும் உளர். இதே ஓசூர்ச் சாலையில், நகருக்குள், நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. 1954இல் தோன்றிய மனநலக் கல்விக்கழகமும் பழைய மனநோய் மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவானது அது. மெய்யான துன்பம் உள்ளவர் போகவேண்டிய இடம் அதுவே; நாவல் மருந்தாகாது. நோய் என்று சொல்லமுடியாத, ஆனால் வாழ்வைக் கோணச்செய்கின்ற மயக்கங்களுக்குத்தான் இலக்கியம். விளம்பரக்காரர்கள் நிழலைச் சந்தித்தால் நலம் விளையும் என்கிறார்கள். அப்படிச் சந்திக்கத் தவறினால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன நேரும் என்பதை ‘அபிதா’ சொல்கிறது. இரண்டாவதே நம்மை விழிக்கச் செய்யும் வழியென்று தோன்றுகிறது.

கடைசியாக, சாவித்திரியைப் பற்றி. நாவலைப் பேசுவோர் சகுந்தலையையும் அபிதாவையும் பேசுவர். சாவித்திரியை ஒரு வரியில் கடந்துவிடுவர். நானும் இதுவரை அவ்வாறே கடந்து வந்திருக்கிறேன் என்பதைப் படிப்பவர் கவனித்திருக்கலாம். அம்பியின் கண்ணால் பார்த்தால் அப்படித்தான் நேரும். சகுந்தலை நினைவில் இருக்கிறாள். அபிதா கனவில் இருக்கிறாள். அவன் அருகில் அமர்ந்து கரடிமலைக்குப் பயணம் வந்தவள் சாவித்திரி. அவள் வாய்திறக்கும் இடங்களில் அவனைச் சூழ்ந்த மூட்டம் சற்றே விலகுவதைக் காணலாம். அவளிடம் அவனுக்கு ஒளி எதுவும் தெரிவதில்லை. ஏனெனில் அவள்மேல் அவன் எதையும் ஏற்றவில்லை. ஆகவே அந்நூலில் அவன் உள்ளபடியே பார்த்திருக்கக்கூடிய மனிதப் பிறவி அவள் ஒருத்திதான். புராணத்துச் சாவித்திரி கணவனை எமனிடமிருந்து மீட்டாள். இவளுக்கு அந்த வாய்ப்பை ஆசிரியர் தரவில்லை. பெயரை மட்டும் தந்திருக்கிறார். அடுத்தமுறை இந்நாவலை எடுப்பவர்கள், அவள் பேசும் இடங்களை மட்டும் முதலில் புரட்டிப் படித்துவிட்டு, பின்னர் முதற்பக்கத்துக்கு வரட்டும்.